எட்டாம் நம்பரில் யாருமில்லை

அத்தியாயம் 14

போன வாரம் லீலாவதி சோற்றுத் தட்டைத் தூக்கிச் சுவரில் அடித்தாள். நல்ல குடும்பத்துப் பெண் செய்கிற காரியமா இது என்று உங்களில் சிலர் முகம் சுளித்திருக்கலாம். சுளித்தவர்கள் ஒரே ஒரு நாள் அவளுடைய நாற்காலியில் உட்கார்ந்து பார்க்கட்டும், அப்புறம் பேசலாம்.

மஞ்சூருக்கு மேலே இருக்கிற சங்குப்பாறை எஸ்டேட்டின் டெலிபோன் போர்டு அவளுடைய பொறுப்பு. ஆபீஸ் கட்டடத்தின் கோடி அறை. தகரக் கூரை, ஒரு ஜன்னல், 1976ஆம் வருஷத்துக் காலண்டர், சுவரில் ஒரு கடிகாரம். எதிரே முப்பது லைன்கள். ஒவ்வொரு லைனுக்கும் நம்பர் போட்ட சின்னப் பித்தளை மூடி உண்டு. அந்தப் பக்கம் யாராவது போனின் கைப்பிடியைச் சுற்றினால் இங்கே மூடி விழும், கூடவே பஸ்ஸர் அலறும். அவள் ஒயர்க் கயிற்றை அந்த நம்பரின் துளையில் செருகி "ஆபீஸ்" என்று சொல்லி, கேட்ட இடத்துக்கு இணைத்துவிட வேண்டும்.

காலை ஏழிலிருந்து மாலை ஐந்து வரை இதே வேலை. கூட இருந்த பாலாமணி பிரசவ லீவில் போய் இரண்டு மாதமாகிறது. பதில் ஆள் வரும், வரும் என்று ஹெட் கிளார்க் மயில்சாமி சொல்லிக்கொண்டே இருக்கிறார். இன்னும் வந்தபாடில்லை.

ஃபேக்டரிக்காரர் கொழுந்து ஏன் இன்னும் வரவில்லை என்று தோட்டத்து டிவிஷனைத் திட்டுவார். டிவிஷன்காரர் லாரி ஏன் வரவில்லை என்று ஃபேக்டரியைத் திட்டுவார். மேனேஜர் எல்லோரையும் திட்டுவார். யார் யாரைத் திட்டினாலும் அது லீலாவதியின் காது வழியாகத்தான் போக வேண்டும். லைன் கிடைக்காவிட்டால் திட்டு அவளோடேயே நின்றுவிடும். அன்றைக்குச் சாயங்காலம் வீட்டுக்கு வந்தவளிடம் புருஷன் பழனிச்சாமி, "ரசத்துல உப்பு கொஞ்சம் கம்மியோ?" என்று கேட்டான். அவ்வளவுதான் கேட்டான். தட்டு சுவருக்குப் போய்விட்டது.

பழனிச்சாமி எஸ்டேட் டாக்டரின் ஜீப் டிரைவர். கோபித்துக்கொள்ளாமல் மறுநாளே அவளை டாக்டரிடம் கூட்டிப் போனான். டாக்டர் சில்வஸ்டர் நாடி பார்த்தார், பிரஷர் பார்த்தார், கண்ணைக் கீழே இழுத்துப் பார்த்தார்.

"மாத்திரை எதுவும் வேண்டாம்மா. வேலைக்கு நடுவுல உங்களுக்குன்னு ஒரு அஞ்சு நிமிஷம் எடுத்துக்கங்க. ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை போதும். கண்ணை மூடி மெதுவா மூச்சு விடுங்க. சூடா ஒரு டம்ளர் தண்ணி குடிங்க. ஜன்னல் வழியா தூரத்துல இருக்கிற பச்சையைப் பாருங்க. பாதி பாரம் இறங்கிடும்."

நல்ல மனுஷர், நல்ல யோசனை. ஆனால் ஆடி மாதத்து மஞ்சூரில் தூரத்துப் பச்சைக்கு எங்கே போவது? ஜன்னலைத் திறந்தால் பத்தடிக்கு அப்பால் வெறும் மூடுபனி. வெந்நீர் ப்யூன் அறையில் இருக்கிறது. எடுத்து வருவதற்குள் மூன்று மூடிகள் விழுந்து கிடக்கும். மூச்சு விட்டுப் பார்த்தாள். மூன்றாவது மூச்சில் மேனேஜர் பங்களா கூப்பிட்டது, மஞ்சூரிலிருந்து ரொட்டி வந்துவிட்டதா என்று கேட்க.

கடைசியில் அவளே ஒரு வழி கண்டுபிடித்தாள். எட்டாம் நம்பர் லைன்.

அது மேட்டு பங்களாவின் லைன். கடைசி வெள்ளைக்கார மேனேஜர் ஊருக்குப் போனதோடு அந்தப் பங்களாவைப் பூட்டிவிட்டார்கள். கம்பியை மட்டும் யாரும் அறுக்கவில்லை. ஒரு நாள் கைதவறி அந்த எட்டாம் நம்பரில் கயிற்றைச் செருகிவிட்டாள். காதில் யாரும் பேசவில்லை. மெல்லிசாக ஊம் என்று ஒரு ரீங்காரம் மட்டும். திட்டு இல்லை, அவசரம் இல்லை, ஹலோ இல்லை. அவளுக்குக் கண் கலங்கிவிட்டது, அத்தனை சுகமாக இருந்தது.

அதிலிருந்து தினமும் இரண்டு தடவை, கூப்பிடுவது சற்றுக் குறைகிற நேரம் பார்த்து, பஸ்ஸர் ஸ்விட்சை அமர்த்திவிட்டு எட்டாம் நம்பரைக் காதில் வைத்துக்கொள்வாள். கண் அந்தப் பித்தளை மூடிகளின் மேலேயே இருக்கும். ஏதாவது மூடி விழுந்தால் உடனே எடுத்துவிடுவாள். இத்தனை நாளில் ஒரு போன்கூடத் தவறியதில்லை.

இந்த ரகசியத்தை அவள் சொன்னது ஒரே ஒருத்தியிடம்தான். பழனிச்சாமியின் தங்கை கிருஷ்ணம்மாளிடம். மூன்றாம் டிவிஷனில் பிள்ளைக் காம்பரா ஆயா அவள். கொழுந்து பறிக்கப் போகிற தாய்மார் விட்டுப் போகிற இருபத்திரண்டு குழந்தைகளை ஒற்றை ஆளாகப் பார்த்துக்கொள்கிறாள். அவள் புருஷன் குப்புசாமி அதே டிவிஷனில் தேயிலைச் செடிகளைக் கவாத்து வெட்டுகிறவன். ஞாயிற்றுக்கிழமை அண்ணன் வீட்டுக்கு வந்தவள், ஒரு பிள்ளை அழுதால் இருபத்திரண்டும் அழுகிறது, ராத்திரி படுத்தாலும் காதில் அதே சத்தம் என்று சொல்லிப் புலம்பினாள்.

"நான் ஒரு வழி சொல்றேன், ஆருகிட்டயும் சொல்லீராத" என்று லீலாவதி எட்டாம் நம்பரைப் பற்றிச் சொன்னாள். "பஸ்ஸரை அமத்திப்போட்டு அதைக் காதுல வெச்சுக்குவேன் கண்ணு. ஆரும் எதுவும் கேக்க மாட்டாங்க. அஞ்சே நிமிஷம். அப்பறம் மறுபடியும் மனுசியாயிருவேன்."

கிருஷ்ணம்மாள் வாய்விட்டுச் சிரித்தாள். "எனக்கும் ஒரு நாளைக்குக் குடுங்க அண்ணி அந்த லைனை."

இவ்வளவும் பழைய கதை. இனி இந்த வியாழக்கிழமை.

*

வியாழக்கிழமை காலை டாக்டர் எஸ்டேட் ஆஸ்பத்திரியில் இருப்பார். பதினொன்றுக்கு ஜீப்பில் கிளம்பிக் கீழ் டிவிஷனுக்குப் போவார். கீழ் டிவிஷனுக்கு ஒரு மணி நேரம் இறங்க வேண்டும். அங்கே போன் கம்பி இன்னும் போகவில்லை.

பதினொன்று என்பது பேருக்குத்தான். பழனிச்சாமிக்கு ஒரு பழக்கம் உண்டு. வண்டியை எடுப்பதற்கு முன்னால் ஜீப்பின் படியில் உட்கார்ந்து, இரண்டு ஷூவின் லேஸையும் அவிழ்த்து, நிதானமாக மறுபடி கட்டுவான். வளைவுகளில் ஒரு சக்கரம் தப்பினால் பள்ளம். "கட்டி முடிக்கறதுக்குள்ள மனசு ஒரு நெலைக்கு வந்துருது" என்பான். பதினொன்று பதினொன்றே காலாகும். டாக்டர் கண்டுகொள்ள மாட்டார்.

கண்டுகொண்டவர் மயில்சாமி. வண்டி லேட், வண்டி லேட் என்று போனில் கத்துவார். அந்தக் கத்தலும் லீலாவதியின் காது வழியாகத்தான் போகும்.

அன்று காலை வேலைக்குக் கிளம்பும்போது அவள் சொன்னாள். "ஏனுங்க, நீங்க லேஸ் கட்டறதுக்குள்ள ஒருத்தி ஒரு கூடை கொழுந்து பறிச்சுப்போடுவா. இன்னைக்காச்சும் மணி அடிச்சதும் வண்டிய எடுங்க. அந்தாளு சத்தத்தை என்னால கேக்க முடியலீங்க."

அவள் முகத்தைப் பார்த்தான். கண்ணுக்குக் கீழே கறுத்துக் கிடந்தது. "செரி, லீலா. டாண்ணு எடுத்தர்றேன்" என்றான்.

அன்றைக்கு மேனேஜர் குன்னூரில் இருந்தார். தேயிலைப் பெட்டிகளோடு லாரியும் குன்னூருக்குப் போயிருந்தது. ஒரு பெட்டியில் மார்க் தப்பு என்று அங்கிருந்து நான்கு முறை கூப்பிட்டுவிட்டார். நான்காவது முறை மஞ்சூர் எக்ஸ்சேஞ்சில் லைன் பாதியில் அறுந்துபோயிற்று. மறுபடி கிடைத்ததும் அவர் முதலில் சொன்ன வார்த்தையை இங்கே அச்சிட முடியாது. லீலாவதி, "எஸ் சார்" என்றாள்.

மணி பத்து நாற்பத்திரண்டு. தகரக் கூரையில் மழை கொட்டியது. ஐந்து நிமிஷம் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டாள். பஸ்ஸரை அமர்த்தினாள். எட்டாம் நம்பரில் கயிற்றைச் செருகினாள்.

ஊம்.

டாக்டர் சொன்னபடி மூச்சை மெதுவாக இழுத்து, மெதுவாக விட்டாள். தோள் இறங்கியது. வழக்கமாகத் திறந்தே இருக்கிற கண்ணை அன்றைக்கு ஒரு விநாடி மூடினாள்.

திறந்தபோது கடிகாரம் பதினொன்று நான்கு காட்டியது.

போர்டில் பத்தொன்பதாம் நம்பர் மூடி விழுந்து கிடந்தது. மூன்றாம் டிவிஷன் ஆபீஸ். எப்போது விழுந்ததோ, அவளுக்குத் தெரியாது. கயிற்றை எட்டிலிருந்து பிடுங்கிப் பத்தொன்பதில் செருகினாள்.

"ஆபீஸ்."

"அண்ணி." கிருஷ்ணம்மாளின் குரல் இழுத்துக்கொண்டு வந்தது. "அண்ணி, அவருக்குத் தொடையில கவாத்துக் கத்தி பாஞ்சிருச்சு. ரத்தம் நிக்கவே மாட்டேங்குது. என்ற சீலையக் கிழிச்சு இறுக்கிக் கட்டியிருக்கறேன். டாக்டரை அனுப்புங்க அண்ணி. எந்நேரமா சுத்தறேன். கை ஓஞ்சு போச்சு. மழையில லைன் செத்துப்போச்சுன்னே நெனச்சுட்டேன்."

லீலாவதி ஆஸ்பத்திரி லைனைச் செருகிக் கைப்பிடியைச் சுற்றினாள். கம்பவுண்டர் மாரிச்சாமி எடுத்தார்.

"டாக்டரா? இப்பத்தான் கிளம்பினாருங்க. உங்க ஊட்டுக்காரரு இன்னைக்கு டாண்ணு பதினொண்ணுக்கு வண்டிய எடுத்துட்டாரே. நானே மணியப் பாத்து ஆச்சரியப்பட்டேன்."

அவள் எழுந்து ஜன்னலைத் திறந்தாள். மூடுபனியில் ஒன்றும் தெரியவில்லை. கீழே, இரண்டாவது வளைவில், ஜீப் கியர் மாறுகிற சத்தம் கேட்டது. அப்புறம் அதுவும் மழையில் கரைந்துபோயிற்று.

*

லாரி குன்னூரில். மேனேஜரின் காரும் குன்னூரில். மஞ்சூரிலிருந்து பஸ் இரண்டரை மணிக்கு. லைன்மேன் ஆறுக்குட்டிதான் சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு, தேயிலைக்கு நடுவே குறுக்குப் பாதையில் கீழ் டிவிஷனுக்கு ஓடினார். கம்பவுண்டர் பஞ்சும் துணியுமாக மூன்றாம் டிவிஷனுக்கு நடையைக் கட்டினார். ஆளால் ஆனதைச் செய்தார்கள்.

மயில்சாமி போர்டு அறை வாசலில் வந்து நின்றார். கத்துகிறவர் அன்றைக்குக் கத்தவில்லை.

"மொதல்ல பத்தே முக்காலுக்கே கூப்பிட்டிருக்குது அந்தப் புள்ளை. உனக்கு பதினொண்ணு நாலுக்குத்தான் வந்துதா?"

"ஆமாங்க."

"லைன் கோளாறா? மழைக்கு நனைஞ்சுபோச்சோ?"

கேள்வியிலேயே பதில் இருந்தது. அவர் நீட்டிய கையைப் பிடித்துக்கொள்வது போல அவள் அதைப் பிடித்துக்கொண்டாள்.

"இருக்குமுங்க. மழைதானுங்க."

மயில்சாமி லைன் புத்தகத்தை எடுத்தார். 'நம்பர் 19, மழையால் பழுது, 10.45 முதல் 11.04 வரை' என்று எழுதினார். அவள் கையெழுத்துப் போட்டாள். கையெழுத்து எப்போதும்போல் அழகாகவே விழுந்தது. அதற்காகவே அவளுக்குத் தன் கையை வெட்டிப்போட வேண்டும் போலிருந்தது.

அதன் பிறகு பஸ்ஸரை அவள் அமர்த்தவில்லை. ஒவ்வொரு முறை அது அலறும்போதும் உடம்பு தூக்கிப் போட்டது.

ஒன்று இருபதுக்குப் பத்தொன்பதாம் நம்பர் மூடி விழுந்தது. டாக்டர் சில்வஸ்டர். "ஊட்டி ஆஸ்பத்திரி குடும்மா, சீக்கிரம்."

இணைத்துவிட்டால் ஆபரேட்டர் காதை எடுத்துவிட வேண்டும் என்பது சட்டம். பதினோரு வருஷ சர்வீஸில் முதல் தடவையாக அவள் எடுக்கவில்லை.

"...தொடையில ரத்தக்குழாய் அறுந்திருக்கு. பொண்டாட்டி துணியை இறுக்கிக் கட்டியிருக்கா, அதாலதான் உயிர் இருக்கு. ஆனா கட்டி ரெண்டரை மணி நேரத்துக்கு மேல ஆச்சு. கீழ கால் ஜில்லுன்னு இருக்கு, நிறம் மாறிடுச்சு. நாங்க வர்றதுக்கு இன்னும் ரெண்டு மணி நேரம் ஆகும். தியேட்டரை ரெடியா வைங்க."

அந்தப்பக்கத்துக் குரல் ஏதோ கேட்டது.

"முன்னாடியே தகவல் வந்திருந்தா ஒண்ணரைக்கெல்லாம் உங்ககிட்ட இருந்திருப்போம்" என்றார் டாக்டர். "மழையில லைன் கட்டாம்."

*

இரண்டரை பஸ்ஸுக்கு மயில்சாமியே அவளை அனுப்பினார். "போர்டை நான் பாத்துக்கறேன், போ" என்று ஹெட்ஃபோனை வாங்கித் தன் வழுக்கைத் தலையில் மாட்டிக்கொண்டார். வேறு நாளாயிருந்தால் அவள் சிரித்திருப்பாள்.

பஸ் நிற்கிற இடத்தில் ஆறுக்குட்டி, ஓடிய களைப்போடு, கல்லின் மேல் குந்தியிருந்தார். காலெல்லாம் அட்டை கடித்த ரத்தம்.

"ஜீப்பு ஊட்டி போயிருச்சும்மா. உங்க நாத்தனா ஊட்டுக்காரருக்கு நெனப்பு இருந்துது. பேசினாரு."

"செரிங்க."

"ஒண்ணு மட்டும் எனக்கு வெளங்கலை." பீடியைப் பற்றவைக்க மறந்து கையில் வைத்துக்கொண்டு அவர் சொன்னார். "பத்தொம்பதாம் நம்பரு லைனை இன்னைக்குக் காலைல எட்டு மணிக்குத்தான் கம்பம் கம்பமாப் பாத்துட்டு வந்தேன். எங்கயும் ஒரு கொப்புகூட ஒரசலை. பத்தொம்பது நிமிஷம் செத்துட்டு, தானாப் பொழைச்ச லைனை நான் இது வரைக்கும் பாத்ததில்லை."

பஸ் வந்துவிட்டது. அவள் ஏறிக்கொண்டாள். ஆறுக்குட்டி கீழேயே நின்று அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஜன்னலோரம் உட்கார்ந்து, டாக்டர் சொன்ன மாதிரி மூச்சை இழுத்து விட்டுப் பார்த்தாள். இழுத்த மூச்சு பாதியிலேயே நின்றது. கண்ணை மூடினாள். மூடிய கண்ணுக்குள் பத்தொன்பதாம் நம்பர் மூடி விழுந்து கிடந்தது. அப்புறம் ஊட்டி வரைக்கும் கண்ணை மூடவே இல்லை.

*

ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர ஐந்தரை ஆகிவிட்டது. நீள வராந்தாவின் பெஞ்சில் பழனிச்சாமி உட்கார்ந்திருந்தான். வலது காலில் லேஸ் அவிழ்ந்து தொங்கியது. கையில் பிடித்திருந்தான், ஆனால் கட்டவில்லை.

அவளைப் பார்த்ததும் சொன்னான். "எடுத்துட்டாங்க, லீலா. முட்டிக்கு மேலயே எடுத்துட்டாங்க."

அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். மலையில் ஏறி இறங்கிக் கவாத்து வெட்டுகிறவனுக்கு இனி அந்த மலையில் என்ன வேலை இருக்கிறது? வேலை இல்லாதவனுக்கு எஸ்டேட்டில் வீடு ஏது? இரண்டு பேருமே அதைத்தான் யோசித்தார்கள்.

"எல்லாம் என்னால" என்றான் பழனிச்சாமி.

"என்னங்க பேசறீங்க?"

"எத்தனை வருசமா லேஸ் கட்டிட்டு இருக்கறேன். இன்னைக்கு மட்டும் எதுக்கு அவ்வளவு அவசரமா எடுத்தேன்? எப்பவும்போல உக்காந்து கட்டியிருந்தா அதுக்குள்ள போன் வந்திருக்கும். அந்த அஞ்சு நிமிஷத்துல மாப்பிள்ளை கால் தப்பிச்சிருக்கும்."

"நாந்தானே அவசரப்படுத்தினேன்."

"நீ சொன்னா? வண்டி என்ற கையிலதானே இருந்துது." அவன் லேஸை விரலில் சுற்றினான். "என்ற தங்கச்சி மூஞ்சியப் பாக்க முடியலை, லீலா."

இப்போது சொல்லியிருக்கலாம். போன் பத்தே முக்காலுக்கே வந்துவிட்டது, நீங்கள் படியில் உட்கார்ந்திருக்க வேண்டிய தேவையே இல்லை என்று அவள் வாய்வரைக்கும் வந்தது. ஆனால் அவன் அழுதான். கல்யாணமாகிப் பதினாறு வருஷத்தில் அவன் அழுது அவள் பார்த்ததில்லை. முதுகைத் தடவிக்கொடுத்தாள். அவனுடைய ஷூ லேஸை வாங்கிக் கட்டிவிட்டாள். அவ்வளவுதான் அவளால் முடிந்தது. வாசகர்களுக்கு அவள் மேல் கோபம் வரலாம். எனக்கும் வந்தது.

"நான் போயி டீ வாங்கியாறேன். காலைல இருந்து தங்கச்சி பச்சைத் தண்ணி குடிக்கலை" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு அவன் எழுந்து போனான்.

கிருஷ்ணம்மாள் வார்டு வாசலுக்கு எதிர்ப் பெஞ்சில் இருந்தாள். சேலையின் முந்தானை இல்லை. கிழிந்த இடத்தில் ஆஸ்பத்திரித் துண்டு ஒன்றைப் போர்த்தியிருந்தாள். மடியெல்லாம் காய்ந்த ரத்தம். வலது கை மணிக்கட்டு வீங்கியிருந்தது.

லீலாவதி போய் உட்கார்ந்ததும் அந்த வீங்கிய கையால் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இன்னும் மயக்கம் தெளியலை, அண்ணி. தெளிஞ்சதும் காலைத் தேடுவாரே. நான் என்னன்னு சொல்லட்டும்?"

லீலாவதி அவள் தோளில் நழுவிய துண்டை இழுத்துப் போர்த்திவிட்டாள்.

"கட்டுனது தப்புன்னு ஒரு நர்ஸு சொல்லுச்சு. நான் இறுக்கிக் கட்டுனதாலதான் கால் செத்துப்போச்சாம். டாக்டரு அந்த நர்ஸைத் திட்டினாரு. கட்டலீன்னா ஆளே இல்லைன்னு சொன்னாரு. இருந்தாலும் என்ற கைதானே அண்ணி கட்டுச்சு."

அவள் அழவில்லை. எங்கேயோ பார்த்துக்கொண்டு பேசிக்கொண்டே போனாள்.

"காதுக்குள்ள சத்தம் நிக்கவே மாட்டேங்குது. அவரு கத்துனது, புள்ளைங்க கத்துனது, அந்த போனு கடகடன்னு சுத்துனது. அன்னைக்கு சொன்னீங்களே அண்ணி, எட்டாம் நம்பரு. ஆருமே பேசாத லைனு." அவள் லீலாவதியின் தோளில் தலையைச் சாய்த்தாள். "எனக்கு அதை ஒரு அஞ்சு நிமிஷம் குடுங்க அண்ணி. ஊருக்குப் போனதும் குடுப்பீங்கல்ல?"

புத்தகத்தில் மழை என்று எழுதியாகிவிட்டது. கையெழுத்தும் போட்டாகிவிட்டது. ஆறுக்குட்டி சொல்லலாம், சொல்லாமலும் விடலாம். குடுக்கறேன் கண்ணு என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

"அந்த லைன்லதான் நான் இருந்தேன்" என்றாள் லீலாவதி.

"எப்ப?"

"நீ சுத்தறப்ப."

கிருஷ்ணம்மாள் தலையைத் தூக்கவில்லை. அவளுக்கு இன்னும் புரியவில்லை.

"மழையுமில்லை, ஒண்ணுமில்லை, கண்ணு. லைன் நல்லாத்தான் இருந்துது. பஸ்ஸரை அமத்திப்போட்டு, எட்டாம் நம்பரைக் காதுல வெச்சுட்டுக் கண்ணை மூடினேன். தூங்கிப்போட்டேன். நீ சுத்துனதெல்லாம் அங்க வந்துது. நான் பாக்கலை. உங்கண்ணன் பதினொண்ணுக்குத்தான் வண்டிய எடுத்தாரு. நீ கூப்பிட்டது பத்தே முக்காலுக்கு. அவரு மேல தப்பில்லை. உன்ற மேல தப்பில்லை. கட்டுனது தப்பில்லை."

தோளில் இருந்த தலை மெதுவாக எழுந்தது. பிடித்திருந்த கை விலகி, அவளுடைய மடிக்கே திரும்பிப் போயிற்று. கிருஷ்ணம்மாள் அந்த வீங்கிய மணிக்கட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பின்னால் ஏதோ சத்தம். பழனிச்சாமி இரண்டு டீ டம்ளர்களோடு நின்றுகொண்டிருந்தான். ஒரு டம்ளரில் டீ ததும்பி அவன் விரலில் வழிந்தது. சுட்டிருக்கும். அவன் கையை உதறவில்லை. எத்தனை நேரமாக நிற்கிறான் என்று தெரியவில்லை.

அவன் ஒரு டம்ளரைத் தங்கையிடம் கொடுத்தான். இன்னொன்றைத் தன் கையிலேயே வைத்துக்கொண்டான்.

வார்டுக் கதவு திறந்தது. நர்ஸ் எட்டிப் பார்த்தார். "குப்புசாமி ஆளுங்க யாரு? கண் முழிச்சுட்டார். கால்ல ஏதோ அரிக்குதுங்கறார், சொறிஞ்சுவிடச் சொல்றார். யாராவது ஒருத்தர் உள்ள வாங்க."

லீலாவதி கிருஷ்ணம்மாளைப் பார்த்தாள். கிருஷ்ணம்மாள் டீயை ஒரு வாய் குடித்தாள். காலையிலிருந்து அவள் வாயில் பட்ட முதல் ஈரம் அது.

"நீங்க போங்க, அண்ணி" என்றாள். குரலில் கோபம்கூட இல்லை. "போயி அவருகிட்ட நீங்களே சொல்லுங்க. காலையும் சொல்லுங்க, லைனையும் சொல்லுங்க. நான் இங்க செத்த நேரம் சும்மா உக்காந்திருக்கறேன்."

பழனிச்சாமி வழி விட்டு ஒதுங்கி நின்றான். லீலாவதி எழுந்து வார்டுக்குள் போனாள்.